வார்டு உறுப்பினராக இருந்த ஐந்து ஆண்டுகளை ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 மே மாதம் நடந்த ஆஸ்திரேலிய நாடாளுமன்றத் தேர்தலில், மெல்போர்ன் நகரின் வில்ஸ் தொகுதியில் பசுமைக் கட்சி சார்பில் நின்ற சமந்தா ரத்னம் தோற்ற செய்தியை உங்கள் நாளிதழில் சிறிய பெட்டிச் செய்தியாகப் படித்தேன். தமிழ் வம்சாவளிப் பெண் என்று இருந்தது. விக்டோரியா மாநிலத்தில் ஒரு கட்சிக்குத் தலைமை வகித்தவர் என்றும் இருந்தது. அவர் எங்கிருந்து தொடங்கினார் என்பது மட்டும் இல்லை. நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

சமந்தா 2012-ல் மெல்போர்னில் உள்ள மோர்லாண்ட் மாநகர மன்றத்தில் தெற்கு வார்டு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2015 இறுதியில் அந்த மன்றத்தின் மேயரானார். பசுமைக் கட்சியிலிருந்து அங்கே மேயரான முதல் ஆள் அவர். 2017 வரை மன்றத்தில் இருந்துவிட்டுத்தான் மாநில மேலவைக்குப் போனார். அதாவது சட்டமன்றப் படியேறும் முன்பு ஐந்து ஆண்டுகள் குப்பை வண்டி, நடைபாதை, நூலகம், குழந்தைகள் நல மையம், யார் வீட்டுப் பக்கத்தில் யார் எத்தனை மாடி கட்டலாம் என்ற தகராறு, இவற்றோடு உட்கார்ந்திருக்கிறார். இந்த ஐந்து ஆண்டுகளை நீங்கள் ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. வெளிநாட்டில் ஒரு தமிழர் பதவிக்கு வந்தால் நம் பத்திரிகைகள் பெருமையோடு எழுதுகின்றன, எழுதட்டும். ஆனால் அவர் ஏறி வந்த படியை எழுதாவிட்டால், ஏற நினைக்கும் எங்கள் பெண்பிள்ளைகளுக்கு அந்தச் செய்தியால் என்ன பயன்?

என் தம்பி மகள் கோபர்க் என்ற மெல்போர்ன் புறநகரில் இருக்கிறாள். அப்போது மோர்லாண்ட் என்று பெயர் கொண்டிருந்த அந்த மன்றத்தின் எல்லைக்குள் வரும் பகுதி அது. முதியோர் இல்லத்தில் வேலை. அவள் போனில் சொல்லித்தான் இவ்வளவும் எனக்குத் தெரியும். பத்திரிகைகளையும் தேடிப் படிக்கச் சொல்வாள். அங்கே ஓட்டுப் போடுவது கட்டாயம், போடாவிட்டால் அபராதம். தேர்தல் சனிக்கிழமையில்தான் வரும். நாடாளுமன்றக் கீழவைக்கான சீட்டில் ஒரு பெயருக்கு நேரே முத்திரை குத்திவிட்டு வர முடியாது. நிற்கிற எல்லோருக்கும் 1, 2, 3 என்று வரிசை எண் போட வேண்டும். பெரும்பான்மை யாருக்கும் கிடைக்காவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளில் அடுத்த எண் யாருக்குப் போட்டிருக்கிறதோ அவருக்குச் சேர்ப்பார்கள். வில்ஸில் அப்படி எண்ணி முடித்தபோது, தொழிற்கட்சியின் பீட்டர் கலீல் நூற்றுக்கு ஐம்பத்தொன்றைச் சற்றே தாண்டி ஜெயித்தார். ஒரு காலத்தில் பிரதமர் பாப் ஹாக் கையில் வைத்திருந்த தொகுதி அது. சமந்தா 2016-லும் அங்கேதான் நின்றார், அப்போதும் கலீலுக்கு அடுத்த இடம். இரண்டு தோல்விகளுக்கு நடுவே அவர் செய்தவைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

எங்கள் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்த அக்கறை எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குப் புரியாது. நான் பிறந்தது இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். 1964-ல் இலங்கையும் இந்தியாவும் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்ட 5,25,000 பேரில் என் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத்து ஆட்கள் நாடற்றவர்களானபோது அப்பா சின்னப் பையன். ஆகவே அங்கே இருந்த வரைக்கும் அவர் ஓட்டுப் போட்டதே இல்லை. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, நீலகிரியில் பந்தலூர் பக்கம் கொழுந்து பறிக்க வந்தோம். இங்கே எங்களை இன்றைக்கும் சிலோன்காரங்க என்றுதான் சொல்வார்கள். கண்டியில் கொடுத்த குடும்ப அட்டையை அப்பா தகரப் பெட்டியில் பழைய சேலைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். மூலைகள் மக்கி, போட்டோவில் அம்மாவின் முகத்துக்குக் குறுக்கே மடிப்பு விழுந்துபோன அட்டை அது. 1977-ல் முதல்முறையாக ஓட்டுப் போடப் போனபோது, வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தும் அந்த அட்டையையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். யாராவது கேட்டால் காட்ட வேண்டுமே என்று.

சமந்தாவின் குடும்பம் எங்களைப் போன்றதல்ல. அவர்கள் இலங்கைத் தமிழர்கள், நாங்கள் மலையகத்தார். போரும் கலவரமும் துரத்த நாட்டைவிட்டு வெளியேறி, 1989-ல் ஆஸ்திரேலியாவில் குடியேறிய குடும்பம் அவர்களுடையது. எங்களைத் துரத்தியது ஒரு ஒப்பந்தத்தின் கணக்கு. இரண்டையும் ஒன்றாக்கி உறவு கொண்டாட எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒரு மண்ணிலிருந்து பிடுங்கப்பட்ட குடும்பத்துப் பெண், வந்து சேர்ந்த ஊரின் மன்றத்தில் போய் உட்கார்ந்து, இந்தத் தெருவும் என்னுடையதுதான் என்று பேசுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எங்களுக்குத் தெரியும்.

அவர் மேயராக இருந்த 2016 மே மாதம் கோபர்கில் இனவெறிக்கு எதிரான பேரணி நடந்தது. அதை எதிர்த்துத் தீவிர வலதுசாரிக் கூட்டமும் வந்தது. இரண்டு பக்கமும் மோதி, போலீஸ் மிளகுத் தூள் தெளிக்கும் அளவுக்குப் போனது. என் தம்பி மகள் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. குடியேறி வந்த ஒருவரே மேயர் நாற்காலியில் இருந்த ஊரில் அது நடந்தது. ஆனாலும் அந்த ஊர் மக்கள் அதற்குப் பிறகும் அவரை ஒதுக்கவில்லை. இரண்டே மாதத்தில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அவரைத்தான் இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

2017-ல் பசுமைக் கட்சியின் மாநிலத் தலைவர் கிரெக் பார்பர் விலகினார். அவர் விட்ட மேலவை இடத்துக்கு அக்டோபரில் சமந்தா வந்தார், அதே மாதம் கட்சித் தலைவருமானார். நம் மாநிலத்தில் 1986-ல் ஒழித்துவிட்ட மேலவை, விக்டோரியாவில் 40 உறுப்பினர்களோடு இன்னும் நடக்கிறது. இந்த பார்பரும் முன்பு மெல்போர்னில் உள்ள யாரா என்ற மாநகர மன்றத்தின் மேயராக இருந்தவர்தான். அந்தக் கட்சியில் மட்டும்தான் இந்த வழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ரிச்மண்ட் சட்டமன்றத் தொகுதியை 1999 முதல் 2022 வரை தொழிற்கட்சிக்காக வைத்திருந்து, வீட்டுவசதி அமைச்சராகவும் இருந்த ரிச்சர்ட் வின், அதற்கு முன் மெல்போர்ன் மாநகர மேயர். அவருக்குப் பிறகு அதே தொகுதியை 2022-ல் ஜெயித்த கேப்ரியல் டி வியட்ரி, யாராவின் முன்னாள் மேயர். ஒரு மேயர் இறங்கிய இடத்தில் இன்னொரு மேயர் ஏறியிருக்கிறார்.

நம்மிடமும் அப்படி ஒரு வழி இருந்தது. மு.க. ஸ்டாலின் 1996-ல் சென்னை மேயராக மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், 2021-ல் முதல்வரானார். 2006-ல் மேயரான மா. சுப்பிரமணியன் பிறகு சைதாப்பேட்டை சட்டமன்ற உறுப்பினராகி அமைச்சரானார். ஆனால் இவை சென்னைக் கதைகள். உதகை, கூடலூர், குன்னூர் என்று நீலகிரிக்கு மூன்று சட்டமன்றத் தொகுதிகள். இவற்றுக்கு வேட்பாளரைத் தேடும்போது, எங்கள் ஊராட்சியில் ஒரு வார்டை ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட பெண்ணின் பெயர் எந்தக் கட்சி அலுவலகத்திலாவது யாருடைய வாயிலாவது வருமா?

அப்படிப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. 2019 டிசம்பர் ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஜெயித்தவர், கொழுந்து பறிக்கிற பெண். தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளிலிருந்து மெயின் ரோட்டுக்கு இறங்கும் பாதையில் ஒரு வளைவு இருக்கிறது. ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறு பக்கம் ஓடையும் மூங்கில் புதரும். யானை அந்த ஓடை வழியாகத்தான் ஏறி வரும். விடிகாலையில் வேலைக்கு இறங்குகிறவர்களும், முதல் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பள்ளிப் பிள்ளைகளும் அந்த வளைவைத் தாண்டித்தான் போக வேண்டும். வளைவுக்கு இந்தப் பக்கம் விளக்கு இருந்தது, அந்தப் பக்கமும் இருந்தது, வளைவில் மட்டும் இல்லை. கம்பம் நடும் இடம் யாருடையது என்பதில் இரண்டு அலுவலகங்களுக்குள் தீராத வழக்கு. கூடலூர், பந்தலூரில் நிலம் யாருடையது என்று கேட்டால் ஜென்மிகள் என்ற பரம்பரை நிலவுடைமையாளர்களின் உரிமையை ஒழித்த 1969-ஆம் ஆண்டு ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்திலிருந்து கதை தொடங்கும், உங்கள் வாசகர்களுக்கு அது தெரியும்.

அந்தப் பெண் கிராம சபையில் எழுந்து நின்று கேட்டார். அடுத்த கிராம சபையிலும் கேட்டார். பேசத் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர், கடைசியில் பாதையின் வரைபடத்தை நோட்டுப் புத்தகத் தாளில் பால்பாயின்ட் பேனாவால் வரைந்து, யானை ஏறும் இடத்தில் பெருக்கல் குறி போட்டு அதிகாரியின் மேசைமேல் வைத்தார். "சார், வேற எடம் எங்கயும் வேணாம், இந்த எடத்துல மட்டும் போடுங்க" என்றார். பக்கத்தில் நின்றிருந்தேன், அந்தத் தாளை நானும் பார்த்தேன். விளக்கு வந்தது. பிள்ளைகளைக் கூட்டமாகச் சேர்த்து, டார்ச் அடித்து இறக்கிவிடும் வேலை தாய்மார்களுக்கு மிச்சமானது.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு அவருடைய பதவிக்காலம் முடிந்தது. நீலகிரி உள்ளிட்ட மாவட்டங்களின் ஊராட்சிகள் அரசு நியமித்த தனி அலுவலர்கள் கைக்குப் போயின. சில மாதங்களில் அந்த விளக்கு அணைந்துவிட்டது. எங்கே போய்ச் சொல்வது? தனி அலுவலருக்குப் பல ஊர்கள், பல வேலைகள். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வளைவில் அவர் வீட்டுப் பிள்ளை இறங்குவதில்லை. பழைய உறுப்பினர் இப்போதும் போய்க் கேட்கிறார். நீங்கள் யார் என்கிறார்கள்.

அரசியல் சட்டம் 243-ஈ பிரிவு, ஊராட்சியின் ஐந்து ஆண்டுக் காலம் முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும் என்கிறது. நகராட்சிகளுக்கும் 243-யு பிரிவில் அதேதான். எங்கள் மாநிலத்தில் நடந்தது என்ன? நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2011-ல் தேர்தல், 2016-ல் காலம் முடிந்தது, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். இடையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஊருக்கு உறுப்பினரே இல்லை. இந்தக் காலத்தில் அதிமுகவும் ஆண்டது, திமுகவும் ஆண்டது. வார்டு மறுவரையறை, இடஒதுக்கீடு, வழக்கு, கொரோனா என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம்.

கொரோனா என்று சொன்னதால் இதையும் எழுதுகிறேன். 2020 அக்டோபரில் மெல்போர்ன் உலகிலேயே நீண்ட ஊரடங்குகளில் ஒன்றில் பூட்டிக் கிடந்தது. தம்பி மகள் வீட்டைவிட்டு ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போக முடியாமல் இருந்த காலத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பாள். விக்டோரியாவில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அக்டோபர் நான்காம் சனிக்கிழமை உள்ளாட்சித் தேர்தல் வரும் என்பது சட்டம். ஊரடங்கிலும் தள்ளிப் போடவில்லை. வாக்குச் சீட்டைத் தபாலில் அனுப்பித் தபாலிலேயே திரும்ப வாங்கி எண்ணினார்கள். அங்கேயும் எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. கேசி என்ற மாநகர மன்றத்தை ஊழல் விசாரணைக்கு நடுவே அதே 2020-ல் கலைத்து, நிர்வாகிகளிடம் கொடுத்தார்கள். ஆனால் அது தனியாக நடந்தது, காரணம் சொல்லி நடந்தது. மாநிலம் முழுக்க மன்றங்களைக் காலியாக விட்டு வைக்கவில்லை.

சமந்தாவின் மாநில அரசியல் வாழ்க்கைக்கு வருகிறேன். 2018 நவம்பர் தேர்தல் அவருக்குப் பெரிய அடி. கட்சிக்குள் பெண்களை நடத்தும் விதம் பற்றி வந்த விமர்சனங்களுக்கு, தலைவர் என்ற முறையில் அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மேலவையில் ஐந்தாக இருந்த கட்சியின் இடம் ஒன்றாகக் குறைந்தது. மிஞ்சியவர் அவர் ஒருவர்தான். மாநிலம் முழுக்க ஒன்பது சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கியும் ஒரே இடம். கட்சிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு ஓட்டுகளைக் கைமாற்றிவிடும் முறை அந்த மேலவைக்கு உண்டு. அதனால் ஒரு சதவீதம்கூட முதல் ஓட்டு வாங்காத ஒருவர் கிழக்குப் பகுதியிலிருந்து உள்ளே வந்தார். இந்த முறையை மாற்ற வேண்டும் என்று பசுமைக் கட்சி கேட்டுக்கொண்டே இருக்கிறது.

ஒற்றை ஆளாக நின்ற அந்த நான்கு ஆண்டுகளில்தான் அவருக்கு மதிப்பு கூடியது. 2020 செப்டம்பர் தொடக்கத்தில், கொரோனா அவசரநிலையை நீட்டிக்கும் மசோதா மேலவைக்கு வந்தது. அரசுக்கு அங்கே பெரும்பான்மை இல்லை. சமந்தா அப்போது பிரசவ விடுப்பில் இருந்தார். விடுப்பிலிருந்து எழுந்து வந்து ஓட்டுப் போட்டார். நள்ளிரவு தாண்டி மசோதா நிறைவேறியது, 20-க்கு 19. அந்தச் சட்டம் சரியா தவறா என்று அந்த ஊரில் இன்னும் சண்டை நடக்கிறது, அதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு ஓட்டு உள்ளவர் அந்த ஓட்டை எப்படி மதிக்க வேண்டும் என்பதை மட்டும் நான் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். சட்டைப் பையில் குடும்ப அட்டையோடு போன என் அப்பா இதைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

2022-ல் கட்சி மேலவையில் நான்கும் கீழவையில் நான்குமாக எழுந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அரசு, மெல்போர்னில் உள்ள 44 அடுக்குமாடிப் பொதுக் குடியிருப்புகளையும் இடித்துக் கட்டப்போவதாக அறிவித்தது. சுமார் பத்தாயிரம் பேர் வாழும் வீடுகள். அகதிகளாக வந்து சேர்ந்த குடும்பங்கள் நிறைய. குடியிருப்போரை அப்புறப்படுத்துவதை எதிர்த்துப் பேசிய கட்சியின் தலைவர் அன்றைக்கு சமந்தாதான். இதைப் படித்தபோது என் மனம் எங்கள் லைன் வீடுகளுக்குத்தான் போனது. அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க 2022-ல் உத்தரவு வந்ததிலிருந்து, ஓய்வு பெற்றவர்கள் வீட்டைக் காலி செய்வதா, எங்கே போவதா என்ற பேச்சு இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் ஓயவில்லை. ஒரு மண்ணிலிருந்து எடுத்து இன்னொரு மண்ணில் நட்டார்கள், மறுபடியும் பிடுங்கப் போகிறார்களா என்று வயசான பெண்கள் கேட்கிறார்கள். சட்டமன்றத்தில் இதைப் பேசுகிறவர்கள் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் லைன் வீட்டில் பிறந்து, வார்டில் வேலை பார்த்து, அங்கே போன ஒரு பெண் பேசினால் அது வேறு மாதிரி இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சமந்தா மேயராக இருந்த மோர்லாண்டுக்கு இப்போது அந்தப் பெயர் இல்லை. ஜமைக்காவில் அடிமைகளை வைத்து நடத்திய ஒரு கரும்புத் தோட்டத்தின் பெயர் அது என்பதால், அந்த மண்ணின் பூர்வகுடிகள் சொன்ன பெயர்களிலிருந்து மக்களே தேர்ந்தெடுத்து, 2022 செப்டம்பரில் மெரி-பெக் என்று மாற்றிக்கொண்டார்கள். அப்போது அவர் மன்றத்தில் இல்லை, மாநில மேலவையில் இருந்தார். ஒரு தோட்டத்தின் பெயரால் ஏற்பட்ட காயத்தை ஒரு மாநகர மன்றம் உட்கார்ந்து பேசி, ஓட்டெடுத்துத் தீர்க்க முடிகிறது. மன்றம் என்று ஒன்று இருந்ததால் முடிந்தது.

2024 ஏப்ரலில் தலைமையை விட்டார், அந்த ஆண்டு நவம்பரில் மேலவை இடத்தையும் விட்டுவிட்டு வில்ஸில் நிற்கப் போனார். தோற்றார். அதே தேர்தலில் அவருடைய கட்சியின் தேசியத் தலைவர் ஆடம் பான்ட் மெல்போர்ன் தொகுதியை இழந்தார். உங்கள் செய்தி இந்தத் தோல்வியோடு நின்றுவிட்டது.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நான் கேட்பது இரண்டு. நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் பதவிக்காலம் முடிந்து வீட்டில் இருக்கும் பெண் உறுப்பினர்களை உங்கள் நிருபர்கள் தேடிப் போய்ப் பேச வேண்டும். உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் வந்த பிறகு, அந்தச் சட்டத்தால் முதல்முறை உள்ளே போனவர்கள் இவர்கள். வீட்டுக்காரர்தான் எல்லாம் பார்த்தார் என்று ஒரே வரியில் தள்ளிவிடாமல், அவர்கள் என்ன செய்தார்கள், எதில் தடுக்கப்பட்டார்கள், சட்டமன்றத்துக்கு நிற்கச் சொன்னால் நிற்பார்களா என்று கேட்டு அவர்கள் சொன்னதை அப்படியே போடுங்கள். அந்த நோட்டுப் புத்தகத் தாளை வரைந்தவரிடம் நான் கேட்டுவிட்டேன், நிற்பேன் என்றார்.

அடுத்து, ஊரக உள்ளாட்சித் தேர்தல் எங்கள் மாவட்டத்தில் எப்போது என்று அரசிடமும் மாநிலத் தேர்தல் ஆணையத்திடமும் கேட்டு, பதில் வரும் வரைக்கும் வாரம் ஒருமுறை முதல் பக்கத்தில் வெளியிடுங்கள். பதில் வராத வாரத்தில் பதில் வரவில்லை என்றே வெளியிடுங்கள். எங்கள் ஊர் டீக்கடையில் உங்கள் பேப்பரைப் பிரித்துப் படிக்கிற எல்லோரும் அதைப் பார்ப்பார்கள், நானும் பார்ப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
பந்தலூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.